மாடியில் தெரிந்த கம்ப்யூட்டர் கீழே வந்தால் எங்கே போகிறது?

எங்கள் திருச்சி வீட்டில் பல வருஷமாக ஃபைல் ஷேரிங் மாடிப்படி வழியாகத்தான் நடந்தது. மாடி அறையில் இருக்கும் டெஸ்க்டாப்பிலிருந்து அப்பா பென்டிரைவில் படங்களை ஏற்றுவார், இறங்கி வருவார், ஹாலில் டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிச் செருகுவார், அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு "இது போன வாரம் பார்த்ததுதானே" என்பார், அப்பா மறுபடி ஏறுவார். போன வருஷம் அப்பாவுக்கு முட்டி வலி வந்ததும் இந்த ஏற்பாடு நின்றுபோனது. அக்கா கல்யாண வீடியோ, பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்தவை, தாத்தா பேசிய கேசட்டை மாற்றிய எம்பி3 எல்லாம் சேர்த்து 40 ஜிபி மாடியிலேயே தங்கிவிட்டது.

"வைஃபைதான் இருக்கே, டிவியிலேயே வரவச்சிடலாம்பா, அரை மணி நேர வேலை" என்று சொன்னது நான்தான். இரண்டு சனி ஞாயிறு போயிற்று.

முதலில் வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், வினையே அதில்தான் இருந்தது. ஃபைபர் இணைப்பு கீழே ஹாலில் வருகிறது. நடுவில் கான்கிரீட் தளம் இருப்பதால் மாடியில் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. அதனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழேயிருந்து ஒயர் இழுத்து மாடியில் வைத்தோம். வைத்துக்கொடுத்தவர் இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போனார். நான் அதை அவருடைய புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை மாடியில் உட்கார்ந்து டெஸ்க்டாப்பில் படங்கள் ஃபோல்டரை ஷேர் செய்தேன். பக்கத்திலேயே என் லேப்டாப். நெட்வொர்க் என்ற ஜன்னலைத் திறந்தால் அப்பாவின் கம்ப்யூட்டர் பெயர் அழகாக வந்து நின்றது. சரி, முடிந்தது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். ஜன்னல் காலி. டிவியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் ஒன்றும் இல்லை. மறுபடி மாடிக்குப் போனேன், பெயர் திரும்ப வந்துவிட்டது. அப்பா இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நான் பென்டிரைவோட ஏறி இறங்கினேன், நீ லேப்டாப்போட ஏறி இறங்குறே" என்றார்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், விண்டோஸின் செட்டிங்ஸில் கையை வைத்தேன். வேண்டாத வேலை என்று சொல்லமாட்டேன், பார்க்கவேண்டிய ஒன்று அங்கே உண்டு. எந்த நெட்வொர்க்கில் புதிதாகச் சேர்ந்தாலும் விண்டோஸ் 11 அதைப் 'பப்ளிக்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். ரயில்வே ஸ்டேஷன் வைஃபையும் நம் வீட்டு வைஃபையும் அதற்கு ஒன்றுதான், நாமாக 'பிரைவேட்' என்று மாற்றிச் சொல்லும்வரை யாருக்கும் முகம் காட்டாது. அதை மாற்றினேன். நெட்வொர்க் டிஸ்கவரியையும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கையும் ஆன் செய்தேன். அப்பாவின் டெஸ்க்டாப்பில் காலையில் ஃபோல்டரை ஷேர் செய்வதற்கு முன்னாலேயே டிஸ்கவரி ஆன் ஆகவே மாட்டேன் என்றிருந்தது. ஆன் செய்து மூடிவிட்டுத் திறந்தால் மறுபடி ஆஃப். இது பலருக்கும் நடக்கிற கூத்துதான், பின்னால் ஓடவேண்டிய சர்வீஸ்கள் ஓடாவிட்டால் இப்படி ஆகும். ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்று ஒன்று, எஸ்எஸ்டிபி டிஸ்கவரி என்று ஒன்று. வேகமாக ஓடட்டும் என்று கம்ப்யூட்டரைச் 'சுத்தம்' செய்யும் ஏதோ ஒரு மென்பொருளை யாரோ போட்டிருந்தார்கள், அதுதான் இவற்றை நிறுத்தி வைத்திருந்தது. ஓடவிட்டேன். டிஸ்கவரி நிலைத்த பிறகுதான் மாடியில் பெயரே வந்திருந்தது. இப்போது எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் கீழே வந்தேன். ஜன்னல் காலி.

அன்றைக்கு ராத்திரிதான், செட்டிங்ஸை நோண்டுவதை விட்டுவிட்டு, அந்த ஜன்னல் உண்மையில் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தேன். பல வருஷமாக அதை ஒரு வருகைப் பதிவேடு மாதிரி நினைத்து வைத்திருக்கிறேன், வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களை விண்டோஸ் எண்ணிப் பார்த்து எழுதிக்கொள்வது போல. அப்படி எதுவும் கிடையாது. அங்கே நடப்பது தண்டோரா. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் "நான் இன்னார், இங்கே இருக்கிறேன்" என்று தெருவில் கூவுகிறது. யார் காதில் விழுகிறதோ அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். காதில் விழாவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. காதில் விழுந்துவிட்டால் கதவைத் திறந்துவிடுவார்கள் என்றும் அர்த்தமில்லை.

பழைய விண்டோஸில் இது இன்னும் வேடிக்கை. நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்தும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதன் பெயரே பிரவுசர் எலெக்ஷன்தான். ஜெயித்த கம்ப்யூட்டர் மாஸ்டர் பிரவுசர் ஆகிப் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும். மற்றவை 12 நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளேன் ஐயா சொல்லவேண்டும். மூன்று முறை தொடர்ந்து சொல்லாவிட்டால்தான் பெயரை அடிக்கும், அது 36 நிமிஷம். துணைக்கு இருக்கும் கம்ப்யூட்டர்கள் பட்டியலை 15 நிமிஷத்துக்கு ஒருமுறைதான் நகலெடுத்துக்கொள்ளும். ஆக, அணைத்துவிட்ட கம்ப்யூட்டர் 51 நிமிஷம்வரை ஆவியாகப் பட்டியலில் உலாவலாம். அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்கள் எஃப்5 தட்டித் தட்டி விரல் தேய்ந்தது இதனால்தான்.

அந்தத் தேர்தல் முறை ஃபைல் பகிர்வுக்கான எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறையின் முதுகில் சவாரி செய்தது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது, பட்டியலும் அதோடு போயிற்று. இப்போது கூவுவது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வேறு முறை, யுடிபி 3702 என்ற போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில். பிரிண்டரும் ஆப்பிள் கருவிகளும் எம்டிஎன்எஸ் முறையில் 5353-இல் கூவும். நெட்வொர்க் வழியாகப் படம் காட்டும் டிஎல்என்ஏ டிவிக்கள் எஸ்எஸ்டிபி முறையில் 1900-இல் கூவும். ஒரே தெருவில் மூன்று பேர் மூன்று பாஷையில் தண்டோரா போடுகிறார்கள். ஃபோனுக்குப் பிரிண்டர் சட்டென்று தெரிவதும், அதே ஃபோனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் இருப்பதும் இதனால்தான்.

சரி, இந்தப் பிரச்சினையைத் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை என்ன தெரியுமா? "விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்எம்பி1-ஐ டிக் பண்ணுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, வேலை முடிஞ்சது." பத்து வீடியோ பார்த்தால் ஏழில் இதுதான். சில வீடுகளில் இதைச் செய்தால் பெயர் தெரியவும் செய்யும், பழைய தேர்தல் மறுபடி நடக்குமே. ஆனால் 2017 மே 12 அன்று ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதும் பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டதும் இதே எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். அப்பாவின் டெஸ்க்டாப்பில் அப்டேட் என்றைக்கு ஓடியது என்று பார்த்தேன். சொல்லவேண்டாம். அந்த டிக்கை நான் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயரை விட்டுவிட்டு முகவரியைப் பிடித்தேன். முதலிலேயே செய்திருக்கவேண்டியது இது. இரண்டு கம்ப்யூட்டரிலும் கட்டளை அடிக்கும் கருப்பு ஜன்னலைத் திறந்து, முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தேன். கீழே லேப்டாப்புக்கு 192.168.1.7. மாடியில் டெஸ்க்டாப்புக்கு 192.168.0.101. அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லலாம்தான், ஆனால் அப்போது புரியவில்லை. பிங் அடித்துப் பார்த்தேன், ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குக் குரல் கொடுத்துப் பதில் வருகிறதா என்று பார்ப்பது அது. மாடியிலிருந்து கீழே இருக்கும் லேப்டாப்புக்குப் பதில் வருகிறது. கீழேயிருந்து மாடிக்கு அடித்தால் பதிலே இல்லை. ஒரே ஒயர், ஒரே வீடு, போகத்தான் முடிகிறது, வர முடியவில்லை. ஒருவழிப்பாதை!

தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. மாடி ரவுட்டரில் ஒயரை வான் போர்ட்டில், அதாவது இன்டர்நெட் என்று எழுதியிருக்கும் தனி நிறத் துளையில், செருகியிருக்கிறார்கள். அப்படிச் செருகினால் அது வெறும் சிக்னல் நீட்டிப்பாக இருக்காது. தனக்கென்று ஒரு தனி வீட்டைக் கட்டிக்கொண்டு, கீழே இருக்கும் நம் ஹாலையே வெளியுலகமாக நினைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக்கூடாது. ரவுட்டரின் வேலையே அதுதானே, அதைத் தப்புச் சொல்லமுடியாது. கீழே இருக்கும் ரவுட்டருக்கோ 192.168.0 என்று ஒரு தெரு இருப்பதே தெரியாது. தண்டோராச் சத்தம் ரவுட்டரைத் தாண்டாது, ஆகவே மாடியில் கூவுவது மாடியோடு சரி. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர் என்பதால், படி இறங்கும்போது என் லேப்டாப் சத்தமில்லாமல் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியதை நான் கவனிக்கவே இல்லை. பெயர் வேறு வேறாக இருந்திருந்தால் சனிக்கிழமை காலையிலேயே கண்டுபிடித்திருப்பேன். மூன்று வருஷமாக யூடியூபும் வாட்ஸாப்பும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சரிசெய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாடி ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன், அதில் டிஹெச்சிபி-யை அணைத்தேன் (வீட்டில் முகவரி வழங்குபவர் ஒருவர்தான் இருக்கவேண்டும், இரண்டு பேர் வழங்கினால் குழப்பம்தான்), ஒயரை வான் துளையிலிருந்து பிடுங்கி லேன் துளையில் செருகினேன். புதிய ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்றே ஒரு பொத்தான் உண்டு, எங்களுடையது பழசு. டெஸ்க்டாப் இப்போது 192.168.1.10.

கீழே வந்து பார்த்தேன். ஜன்னல் காலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் அற்பம். கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலாக இருக்கும் ரவுட்டர், மாறிவிட்டதால் மாடி டெஸ்க்டாப் இதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு மறுபடி 'பப்ளிக்' ஆகிவிட்டது! பிரைவேட் என்று மாற்றியதும் பெயர் வந்தது. இதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிவை எழுதலாம். ரவுட்டரை மாற்றினாலோ புதிதாக வாங்கினாலோ ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயரைக் கிளிக் செய்தேன். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டது.

"அப்பா, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு என்ன?"

"நாலு நம்பர்தான்டா."

அந்த நாலு நம்பர் பின். பின் என்பது அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாக வருகிறவருக்குச் செல்லாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். அது அப்பாவுக்கு நினைவில்லை, எழுதிவைத்த டைரி எந்த வருஷத்து டைரி என்றும் நினைவில்லை. பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றாலும் விடாது, வெற்றுப் பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியாக வருவதை விண்டோஸ் இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் வீடியோக்காரர்களின் இரண்டாவது அறிவுரை வரும். "பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்கை ஆஃப் பண்ணுங்க, எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுங்க." வீட்டுக்குள்தானே, யார் வரப்போகிறார்கள் என்று தோன்றும். எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அக்கா பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களுடைய நண்பர்களுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஆன்லைன் பரீட்சைக்காக ஒருமுறை கொடுத்தது இன்றுவரை மாற்றப்படவில்லை. அதில் ஒரு ஃபோன் ஃபுல் கன்ட்ரோலோடு உள்ளே வந்து தெரியாமல் ஒரு ஃபோல்டரை டெலிட் செய்தால் அக்கா கல்யாணமே போய்விடும், நெட்வொர்க் வழியாக அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. தவிர, விண்டோஸ் 11 ப்ரோவில் 24ஹெச்2 பதிப்பிலிருந்து பாஸ்வேர்டில்லாத விருந்தாளி நுழைவை இயல்பாகவே மூடிவிட்டார்கள். பழைய ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் ஹார்டுடிஸ்க்கைச் செருகிப் பகிர்ந்துகொண்டிருந்த பலருக்குத் திடீரென்று வேலை செய்யாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் செய்தது இதுதான். டெஸ்க்டாப்பில் 'வீடு' என்று ஒரு லோக்கல் யூசர், ஒரு நல்ல பாஸ்வேர்டு. படங்கள் ஃபோல்டரில் அந்த யூசருக்குப் படிக்கும் உரிமை மட்டும். விண்டோஸில் உரிமை இரண்டு இடத்தில் கொடுக்கவேண்டும், ஷேரிங்கில் ஒன்று, செக்யூரிட்டி என்ற பக்கத்தில் ஒன்று, இரண்டில் எது கஞ்சத்தனமானதோ அதுதான் செல்லும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு ஆக்சஸ் டினைட் என்று வருகிறதே என்று விழிப்பவர்களில் நானும் ஒருவன்.

அதற்கப்புறமும் லேப்டாப் முரண்டு பிடித்தது. ஏற்கெனவே தப்பான பெயரில் கதவைத் தட்டியிருந்ததால், ஒரே சர்வருக்கு இரண்டு பெயரில் போகமுடியாது என்று பிழை 1219 வந்தது. நெட் யூஸ் கட்டளையில் எல்லா இணைப்பையும் அழித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும். இன்னொரு குறுக்குவழியும் உண்டு, கம்ப்யூட்டர் பெயரால் போகாமல் ஐபி எண்ணால் போனால் விண்டோஸ் அதை வேறு சர்வர் என்று நினைத்துக்கொள்ளும். டிவியில் விஎல்சி-க்கு smb://192.168.1.10 என்ற அந்த முகவரியைக் கையால் கொடுத்தேன். அக்கா கல்யாணம் ஹாலில் ஓடியது. முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்திக்கு வருவதற்குள் மூன்று முறை சுற்றிக்கொண்டு நின்றது.

அது ஒயரின் குற்றம். கீழேயிருந்து மாடிக்கு வரும் ஒயரில் உள்ளே எட்டு கம்பி இருக்கிறது, இழுத்தவர் நாலைத்தான் கிளிப்பில் அழுத்தியிருக்கிறார். நாலு கம்பியில் 100 எம்பிபிஎஸ்தான் ஓடும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்த நாலிலும் ஒன்று இளகி இருந்தது. எட்டையும் சேர்த்து நானே கிரிம்ப் செய்தேன் (முதல் மூன்று கிளிப் குப்பைக்குப் போயிற்று). 40 ஜிபி-யை நகலெடுக்க முன்பு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், இப்போது ஏழெட்டு நிமிஷம்.

இவ்வளவும் செய்து நான் சென்னைக்குக் கிளம்பி வந்த மூன்றாம் நாள் அம்மா ஃபோன் செய்தார். "டிவியில ஒண்ணும் வரலடா." எனக்குப் பக்கென்றது. கேட்டுப் பார்த்தால், அப்பா வழக்கம்போலப் படுக்கப் போகுமுன் கம்ப்யூட்டரைச் சுவிட்ச்போர்டிலேயே அணைத்திருக்கிறார். ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் ஓடினால் கரண்ட் பில் யார் கட்டுவது என்பது அவருடைய கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றும் ஒரு வெளி ஹார்டுடிஸ்க்கும் வாங்கிப் போனேன். கீழ் ரவுட்டர் பக்கத்தில், சுவிட்சே இல்லாத மாதிரி, மறைவாக. அதில் சாம்பா, விண்டோஸ் மாதிரியே ஃபைல் பகிர லினக்ஸில் ஓடும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் மாணவராக இருந்தபோது எழுத ஆரம்பித்தது, முதலில் வெளிவந்தது 1992-இல். முதலில் வைத்த பெயரை இன்னொரு நிறுவனம் உரிமை கோரியதால், அகராதியில் எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொல்லைத் தேடி எடுத்த பெயர்தான் சாம்பா. இதைச் செய்பவர்கள் இரண்டு விஷயத்தில் தடுக்கி விழுவார்கள். லினக்ஸ் யூசரின் பாஸ்வேர்டு வேறு, சாம்பாவின் பாஸ்வேர்டு வேறு, smbpasswd கட்டளையில் தனியாகக் கொடுக்கவேண்டும். அப்புறம், சாம்பா தானாக விண்டோஸின் புதிய தண்டோராவைப் போடாது, டபிள்யூஎஸ்டிடி என்ற சின்ன நிரலைச் சேர்த்து நிறுவினால்தான் நெட்வொர்க் ஜன்னலில் பெயர் வரும். வராவிட்டாலும் குடிமுழுகிப் போகாது, முகவரியால் போனால் கதவு திறக்கும்.

கரண்ட் போய்வந்தால் முகவரி மாறிவிடக்கூடாதே என்று ரவுட்டரில் பை-க்கு 192.168.1.50-ஐ நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். அப்பா அதை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார், புள்ளிகளைக்கூட விடாமல். நெட்வொர்க் ஜன்னலை அவர் திறப்பதே இல்லை. புதுப் படங்களை அந்த எண் வழியாகவே மாடியிலிருந்து பை-யில் போடுகிறார், அம்மா கீழே பார்த்துவிட்டு "இது போன வாரம் பார்த்ததுதானே" என்று மாடியை நோக்கிக் கத்துகிறார்.

தீபாவளிக்கு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். மாமா தன் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் வருதே, எனக்கு மட்டும் ஏன் வரல?" என்றார். ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது, வீட்டு நெட்வொர்க்கை எட்டிப் பார்க்கவே ஆபீஸ் அதை விடாது. அதில் நான் கை வைக்கவில்லை. மாமாவிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்து, மாடியில் அப்பா இருக்கிறார் போய்க் கேளுங்கள் என்றேன்.